முதுகலைத் தமிழுக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

(கல்லூரித் தமிழ் மன்றம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்கள் மன்றத்துச் செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில், கம்பனைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுமாறு கேளாமல், தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பயில விரும்புவோர் எந்தப் பல்கலைக்கழகத்தை நாடுவது தகும் என்பதைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டிருந்தார். கம்பனைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிது. நீங்களும் மகிழ, நானும் மகிழ, மாலையைச் சூடிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். இந்த விஷயமோ அப்படிப்பட்டதன்று. நான் சொல்லும் ஒரு சொல்லைக் கேட்டு உங்களில் ஒருவர் சிதம்பரத்துக்குப் போகவேண்டியவர் சென்னைக்கோ, சென்னைக்குப் போகவேண்டியவர் மதுரைக்கோ சென்று இரண்டு ஆண்டுகளைக் கழிக்க நேரலாமாதலால், சற்று அச்சத்துடனேயே தொடங்குகிறேன்.

விண்ணப்பம் எழுதும் பருவம் வந்ததும் மாணாக்கர் முதலாவதாகக் கேட்பது, எது பெரிய பல்கலைக்கழகம் என்பது. அதற்கு விடைசொல்ல இக்காலத்தில் அரசாங்கமே ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு வெளியிட்டுவரும் தேசியத் தரவரிசையைத்தான் சொல்கிறேன். அதனை இழித்துரைக்க நான் வரவில்லை. பொறியியலோ மருந்தியலோ பயிலச் செல்வோருக்கு அதனால் ஓரளவு பிரயோஜனம் உண்டு. ஆனால், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிச் சிறப்பை அளக்கப் புகும்போது, உலகளாவிய சில கட்டுரைத் தொகுப்புகளில் அங்குள்ளார் எழுதிய கட்டுரைகள் எத்தனை பதிவாகியிருக்கின்றன, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கின்றனர் என்று அவர்கள் கணக்கெடுக்கிறார்கள். அத்தொகுப்புகளில் இடம்பெறுவன பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவரும் விஞ்ஞானக் கட்டுரைகள். புறநானூற்றுப் பாடலொன்றின் பாடபேதத்தை ஆராய்ந்து, சுவடிகளை ஒப்புநோக்கி, தமிழிலேயே எழுதப்பெற்ற கட்டுரை எத்துணைச் சிறப்புடையதாயினும் அக்கணக்கில் ஏறுவது அரிது. எனவே, ஒரு பல்கலைக்கழகம் அவ்வரிசையில் மேலே நிற்பதற்கு அதன் வேதியியல் துறை காரணமாயிருக்கலாம். அதே வளாகத்தில் தமிழ்த்துறை பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் நிலையில் இருந்தாலும் பட்டியல் அதை நமக்கு அறிவிப்பதில்லை. 1994ஆம் ஆண்டு பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீட்டுக் குழு வழங்கும் எழுத்துக் குறியீடும் இத்தகையதே. அது முழு ஸ்தாபனத்துக்கும் உரியது. நீங்கள் உட்காரப்போகும் வகுப்பறைக்கு உரியதன்று.

என்னைக் கேட்டால், இலக்கியம் பயிலச் செல்வோர் கேட்கவேண்டியது வேறு: என்னைத் தனியே விட்டிருந்தால் நான் ஒருபோதும் படித்திராத நூல்களை எந்த இடம் என்னைப் படிக்கச் செய்யும்? புதுமைப்பித்தன் கதைகளைப் படிப்பதற்கு ஒருவருக்குப் பட்டவகுப்பு வேண்டுவதில்லை. ரயிலிலும் படிக்கலாம், படுக்கையிலும் படிக்கலாம். தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையை அவ்வாறு மாலை வேளையில் விரும்பி எடுத்து வைத்துக்கொண்டு படிப்பாரை நான் அதிகம் கண்டதில்லை. அதைப் படிப்பதற்கு, எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும். அருகே, இவ்விடம் விளங்கவில்லை என்று நம்மைப்போலவே திகைக்கும் ஒரு தோழன் வேண்டும். ஐயம் எழுந்தபோது எடுத்துப் பார்க்க வேறு உரைகள் அடுக்கில் இருக்கவேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் எதுவோ அதுவே உங்களுக்குப் பெரிய பல்கலைக்கழகம்.

முற்காலத்தில் இந்தத் தேர்வு எப்படி நடந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். டாக்டர் உ.வே. சாமிநாதையரின் தந்தையார், மகனுக்குத் தமிழ்க்கல்வி வாய்க்கவேண்டும் என்பதற்காக, நல்ல ஆசிரியர் இருக்கும் ஊரெதுவோ அவ்வூருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இப்படி ஊர் ஊராகச் சென்று, கற்பிப்பாரிடம் உள்ள சரக்கு தீர்ந்ததும் அடுத்த ஊரை நாடி, முடிவில் 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். அன்று பட்டமும் இல்லை, பட்டியலும் இல்லை. ஆசிரியர் ஒருவரே கலாசாலை.

அதற்குள்ளாகவே சென்னையில் சர்வகலாசாலை ஏற்பட்டுவிட்டது. கல்கத்தா, பம்பாய் ஆகிய இரண்டுடன் சேர்த்து 1857ஆம் ஆண்டு லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு அதனை நிறுவினார்கள். ஆயினும் அது தொடக்கத்தில் பாடம் சொல்லும் இடமாக இருக்கவில்லை. கல்லூரிகளில் பயின்றோருக்குப் பரீட்சை வைத்துப் பட்டமளிக்கும் இடமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. 1927ஆம் ஆண்டில் கீழ்த்திசை ஆராய்ச்சித் துறைகள் ஏற்பட்ட பின்னரே தமிழுக்கு அங்கே ஓர் ஆராய்ச்சிப் பீடம் அமைந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில்தான், 1924 முதல் 1936 வரை, ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதி வெளிவந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளையவர்களே 1936இல் அப்பல்கலைக்கழகத்துத் தமிழாராய்ச்சித் துறைக்குத் தலைவராகவும் ஆனார்.

இந்தச் சரித்திரத்தை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத் துறை, அதனோடு இணைவு பெற்ற கல்லூரி, தன்னாட்சிக் கல்லூரி என்று இன்று உங்கள் முன் மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. மூன்றிலும் முதுகலை உண்டு. பல்கலைக்கழகத் துறையில் பாடம் வகுப்பவரும் பாடம் நடத்துபவரும் வினாத்தாள் அமைப்பவரும் ஏறக்குறைய ஒருவரே. தமக்கு எதில் புலமை உண்டோ அதைப் பாடமாக வைக்க அவருக்கு உரிமை உண்டு. இணைவு பெற்ற கல்லூரியில் பாடத்திட்டக் குழு எங்கோ கூடி வகுத்ததை ஆசிரியர் நடத்தவேண்டும். வினாத்தாளும் வெளியிலிருந்து வரும். 1978ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளோ, பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கினும், பாடமும் பரீட்சையும் தாமே வகுத்துக்கொள்ளலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்லுதல் இயலாது. தனக்கு வாய்த்த சுதந்திரத்தைப் பயன்படுத்திப் பாடத்தைக் கனமாக்கிய தன்னாட்சிக் கல்லூரியும் உண்டு. அதே சுதந்திரத்தைக் கொண்டு இலக்கணத் தாளைக் கரைத்து நீராக்கியதும் உண்டு. மு. வரதராசனார் 1939 முதல் 1961 வரை பச்சையப்பன் கல்லூரியில் இருந்த நாளில், அங்கே சேர்ந்தவனும் வேறு கல்லூரியில் சேர்ந்தவனும் ஒரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரே பட்டத்தைத்தான் பெற்றார்கள். இருந்தும் மு.வ.வின் வகுப்புக்காகவே பச்சையப்பனுக்கு வந்தவர்கள் பலர். சான்றிதழில் அந்த வேறுபாடு அச்சாகவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு விதமானது. 1929ஆம் ஆண்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரவர்களின் கொடையினால் சிதம்பரத்தில் தோன்றிய அது, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே வாழும் உறைவிடக் கழகமாக அமைந்தது. முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் விபுலானந்த அடிகள் ஈழத்திலிருந்து வந்தார், அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார், நாவலர் ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் அங்கே பாடம் சொன்னார்கள்; பின்னாளில் தெ.பொ. மீனாட்சிசுந்தனார் வந்து மொழியியலுக்கு வலிமையான ஓர் அடிப்படையை இட்டார். ஒரு சிறிய ஊரில் இத்தனை பேரும் ஒருவர்பின் ஒருவராக வாழ்ந்தார்கள் என்றால், மாலையில் உலாவப் போகும் மாணவனுக்கு வழியில் எதிர்ப்படுவது யார் என்று நினைத்துப் பாருங்கள். வகுப்பறையில் கேட்கக் கூசிய ஐயத்தை அங்கே கேட்டுவிடலாம். இன்றைக்கு அந்தப் பெரியோர் இல்லை. 2013ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்ட பின் எத்தனையோ மாறுதல்கள் நிகழ்ந்தன. ஆயினும் உறைவிட வாழ்வு இலக்கிய மாணாக்கனுக்குச் செய்யும் நன்மை மாறுவதில்லை என்பது என் அபிப்பிராயம். நாள்தோறும் ரயிலிலும் பேருந்திலும் நான்கு மணி நேரம் பயணஞ்செய்து நகரத்துக் கல்லூரியொன்றில் எம்.ஏ. படிப்பதைவிட, பெயர் சற்றுக் குறைந்ததாயினும் விடுதியில் தங்கிப் படிக்கும் இடம் மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆசிரியரைப் பற்றிய செய்தியை எவ்வாறு அறிவது? துறையின் இணையப் பக்கத்தில் பெயர்கள் இருக்கும்; ஆனால் அப்பெயர்களில் சிலர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள், பக்கம் மட்டும் பழையபடி இருக்கும். ஆகவே, மூன்று செய்திகளை விசாரியுங்கள். நிலையான பணியிடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது முதலாவது. நம் மாநிலத்துக் கலாசாலைகளில் பல வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்திவருகிறார்கள். அவர்களிடத்தில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு பணி நீடிக்குமா என்பதறியாமல் தொகுப்பூதியத்தில் காலங்கழித்துக்கொண்டே, மிகுந்த சிரத்தையோடு பாடம் சொல்கிறவர்கள் அவர்களுள் பலர். குறை அவர்களுடையதன்று. ஆயினும் முதலாம் பருவத்தில் ஒருவர் தொடங்கிய அகநானூற்றை மூன்றாம் பருவத்தில் வேறொருவர் முடிக்க நேர்ந்தால், அதன் நஷ்டம் மாணாக்கனுக்குத்தான். நீங்கள் நம்பிச் செல்லும் பேராசிரியர் எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார் என்பது இரண்டாவது. இதை நேராக அவரிடமே கேட்பது மரியாதையாகாது. துறை அலுவலகத்தில் கேட்கலாம். அவர் முதுகலை வகுப்புக்கு உண்மையில் வருகிறாரா, நிர்வாகப் பதவி ஏதேனும் ஏற்றுக்கொண்டு கூட்டங்களிலேயே பொழுதைக் கழிக்கிறாரா என்பது மூன்றாவது. இதற்கு விடை, இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கிடைக்கும். அவர்களைத் தேநீர்க் கடையில் சந்தியுங்கள். துறையில் சந்தித்தால் எல்லாம் நன்றாயிருப்பதாகவே சொல்வார்கள்.

இனிப் பாடத்திட்டத்துக்கு வருகிறேன். இதிலேதான் மாணவர்கள் மிகக் குறைந்த கவனம் செலுத்துகிறார்கள். எனக்கோ இதுவே மிக முக்கியமாகத் தோன்றுகிறது. பாடத்திட்டத்தை எடுத்து, தொல்காப்பியத் தாள் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'தொல்காப்பியம், பொருளதிகாரம்' என்று மட்டும் போட்டு, கீழே ஐந்தாறு தலைப்புகளைக் கொடுத்திருந்தால் சற்று ஐயுறுங்கள். பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களையும் தொண்ணூறு நாள் கொண்ட ஒரு பருவத்தில் நூற்பா நூற்பாவாக யாராலும் நடத்த இயலாது. சுருக்கம் சொல்லித்தான் நடத்தப்போகிறார்கள் என்பது அதிலிருந்தே விளங்கும். 'செய்யுளியல், பேராசிரியர் உரையுடன்' என்று ஓரியலையும் ஓருரையையும் குறிப்பிட்டிருக்கும் இடத்தில், பாடம் வகுத்தவர் அதை நடத்தியவர் என்பது தெரியும். நூல் முழுமைக்கும் உரை கிடைத்திருப்பது இளம்பூரணருக்கு மாத்திரமே. பேராசிரியர் என்னும் உரையாசிரியருக்குக் கிடைப்பன பொருளதிகாரத்தின் இறுதி நான்கு இயல்கள். சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு மட்டுமே எழுதினார். இவற்றை அறிந்து ஒரு தாளை அமைப்பதற்கும், அறியாமல் எல்லா உரையாசிரியர் பெயரையும் வரிசையாக அடுக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் அரைமணி நேரத்தில் கண்டுகொள்ளலாம்.

பாடத்திட்டம் ஒருவேளை அழகாகவே இருக்கக்கூடும். மெய்யை வினாத்தாள் காட்டிக் கொடுத்துவிடும். கடந்த சில ஆண்டுகளின் வினாத்தாள்களை நூலகத்தில் கட்டி வைத்திருப்பார்கள். அவற்றை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, 'உவமவியல் கருத்துகளைத் தொகுத்து வரைக' என்னும் வினா ஆண்டுக்கொருமுறை தவறாமல் வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வந்துகொண்டிருந்தால், அங்கே மாணவர்கள் தொல்காப்பியத்தைப் படிக்கவில்லை, கடைத்தெருவில் விற்கும் வினா விடைத் தொகுப்பைப் படிக்கிறார்கள் என்று முடிவு செய்யலாம். ஒரு நூற்பாவைக் கொடுத்து, அதற்கு இளம்பூரணர் கொள்ளும் பொருளும் பேராசிரியர் கொள்ளும் பொருளும் வேறுபடும் இடத்தைக் காட்டி நும் கருத்தை நிறுவுக என்று ஒரு வினாவேனும் இருந்தால், அந்த இடத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். பரீட்சையில் மதிப்பெண் குறையுமே என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சமும் முற்றிலும் வீணானதன்று. தேசியத் தகுதித் தேர்வு எழுதுவதற்கு முதுகலையில் பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடு வேண்டும், சலுகைக்கு உரியோருக்கு 50 வேண்டும். ஒழுங்காகப் படிப்பவர் எந்தக் கடுமையான இடத்திலும் அதனைத் தாண்டிவிடலாம்.

நூலகத்துக்கு வருவோம். புகைப்படத்தில் பார்த்து நூலகத்தை நிர்ணயிக்காதீர்கள். குளிர்சாதனமும் கண்ணாடிச் சுவரும் எல்லா இடத்திலும் ஒரேமாதிரிதான். உள்ளே போய், சங்க இலக்கிய அடுக்கினின்று ஏதேனும் ஒரு பழைய பதிப்பை, கலித்தொகை நச்சினார்க்கினியருரையை என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் எடுத்து, பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். 1960களில் ஊதா மையில் நெருக்கமாக விழுந்த முத்திரைகள், பிறகு ஆண்டுக்கொன்றாகி, பின் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகச் சீட்டு நீண்டு தொங்குமானால், அந்த நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, படிப்பவர் இல்லை என்று அறியுங்கள். கணினிப் பதிவு வந்தபின் பல இடங்களில் முத்திரையிடும் வழக்கமே நின்றுபோயிற்று. அங்கெல்லாம் நூலகரிடம் கேட்கவேண்டும். அலமாரிக்குள் மாணவர்களை நேரே செல்ல விடுகிறார்களா, சீட்டெழுதிக் கொடுத்து ஜன்னலருகே காத்திருக்க வைக்கிறார்களா, மாலை எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுகிறார்கள் என்பவற்றையும் கேளுங்கள். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்து ஐந்து மணிக்கு நூலகம் பூட்டப்படும் கலாசாலையில், புத்தகங்கள் லட்சக்கணக்கில் இருந்து என்ன?

இந்த விஷயத்தில் ஊரும் ஒரு நூலகமே. சென்னையில் பயில்வோருக்குப் பல்கலைக்கழக நூலகத்தோடு, 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும், 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், சாமிநாதையரவர்கள் மறைந்த மறு ஆண்டில், 1943இல், அவர் பெயரால் அமைந்த நூல்நிலையமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கொண்டு 1994இல் தோன்றிய ஆராய்ச்சி நூலகமும் சென்னையிலேயே இருக்கிறது. பழைய சிறுபத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அதைவிடச் சிறந்த இடமில்லை. தற்கால இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் இக்காரணத்தால் சென்னையை விரும்புவது நியாயமே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியத் துறை, தமிழ் மொழித் துறை என்று தனித்தனியே இரண்டு துறைகள் இருக்கின்றன. எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

தஞ்சைக்குச் செல்வோருக்குச் சரசுவதி மகாலும், 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் உண்டு. பின்னது ஆராய்ச்சியையே தலையாய நோக்கமாகக் கொண்டு, வ.ஐ. சுப்பிரமணியம் அவர்களைத் துணைவேந்தராகப் பெற்றுத் தொடங்கியது. ஓலைச்சுவடிக்கென்றே அங்கே ஒரு துறை இருக்கிறது. சுவடி படிக்கக் கற்க வேண்டுமென்ற ஆசை உங்களில் யாருக்கேனும் இருக்குமானால், அவர் வேறெங்கும் அலையவேண்டியதில்லை. புதுச்சேரியும் அத்தகையோருக்கு ஏற்ற ஊர். 1985இல் ஏற்பட்ட மத்தியப் பல்கலைக்கழகத்தில் பாரதியார் பெயரால் தமிழ்ப்புலம் இருக்க, ஊருக்குள்ளே 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் அங்கே ஒரு கிளை வைத்து, சுவடிகளை ஒப்புநோக்கி நற்றிணையை 2008இல் பதிப்பித்தது. மதுரையில் 1966இல் தோன்றிய பல்கலைக்கழகத்தையும், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தையும் நீங்கள் அறிவீர்கள்.

திருநெல்வேலியைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சென்னையை நோக்கியே முகம் திருப்பி நிற்கும் நம்மவர் அதை மறந்துவிடுகிறார்கள். நா. வானமாமலை அவர்கள் நெல்லை ஆய்வுக் குழு என்ற ஒன்றைக் கூட்டி, பல்கலைக்கழகம் எதனையும் சாராமல் 'ஆராய்ச்சி' என்னும் பத்திரிகையை நடத்தி, கதைப்பாடல்களையும் நாட்டார் வழக்காறுகளையும் இலக்கியப் பாடமாக்கிக் காட்டினார். அந்த மரபு பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் வேர்கொண்டது. 1990இல் ஏற்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ, தொ. பரமசிவன் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து, கோயிலையும் திருவிழாவையும் சாப்பாட்டையும் நூலைப் படிப்பதுபோலப் படிக்கலாமென்று மாணவர்களுக்குக் கற்பித்தார். ஏட்டுக்கு வெளியே உள்ள தமிழைப் படிக்க விரும்புவோர் தாமிரபரணிக் கரைக்குப் போவதில் ஒரு குறைவும் இல்லை.

தமிழை மாத்திரமன்றிப் பிற இந்திய மொழி இலக்கியங்களோடு ஒப்பிட்டுப் பயில எண்ணுவோர் விந்தியத்துக்கு அப்பாலும் பார்க்கலாம். கல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956இல் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் தொடங்கிய ஒப்பிலக்கியத் துறையே இந்தியாவில் முதலாவது. டில்லிப் பல்கலைக்கழகத்திலும் இந்திய ஒப்பிலக்கியத்துக்கு முதுகலை உண்டு. அங்கெல்லாம் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்; முதலாம் பருவத்தில் திணறுவீர்கள்; பிறகு பழகிவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இப்போது நாடு முழுவதற்குமான பொதுநுழைவுத் தேர்வு ஒன்று இருக்கிறது. 2009இல் திருவாரூரில் ஏற்பட்ட மத்தியப் பல்கலைக்கழகமும் அதன் வழியாகவே மாணவரைச் சேர்க்கிறது.

பிழைப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது உங்களுக்கு நியாயம் செய்வதாகாது. பள்ளியில் முதுகலை ஆசிரியராக விரும்புவோருக்கு எம்.ஏ.வோடு பி.எட். பட்டமும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பரீட்சையில் வெற்றியும் வேண்டும். கல்லூரி ஆசிரியராவதற்குத் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வோ, முனைவர் பட்டமோ வேண்டும். இவ்விரு பரீட்சைகளும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்பதில்லை. நன்னூலையும் காரிகையையும் தண்டியலங்காரத்தையும் கேட்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: புதுமையான பெயர் சூட்டிய முதுகலைப் பட்டங்கள் இப்போது பல வந்திருக்கின்றன. அவை எம்.ஏ. தமிழுக்கு இணையானவை என்று அரசாணை உண்டா என்பதைச் சேருமுன் பாருங்கள். சேர்ந்தபின் பார்ப்பது நெடுவழக்காக முடியும்.

வீட்டாருடைய கவலையையும் நான் அறிவேன். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தாய் கேட்பாள். விடுதிக்கட்டணத்தை யார் கட்டுவது என்று தந்தை கேட்பார். விடுதியை நேரில் சென்று பார்ப்பதும், காப்பாளரிடம் பேசுவதும், உதவித்தொகை எப்போது கைக்கு வருகிறது என்று விசாரிப்பதும் பெற்றோருடைய உரிமை. அவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாதச் செலவுக்கு வழியில்லாமையால் உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர நேர்வோர் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் வசதி இருந்தும், பழகிய இடம், பழகிய ஆசிரியர் என்பதற்காகவே இளங்கலை படித்த கல்லூரியிலேயே முதுகலையும் படிக்க நினைப்போரை நான் தடுப்பேன். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் என்மேல் வருத்தங் கொள்ளலாகாது. ஐந்தாண்டுக் காலம் ஒரே குரலில் குறுந்தொகையைக் கேட்ட மாணவன், அக்குரல் சொன்ன பொருளே பொருளென்று நம்பிவிடுவான். வேறோர் ஊரில் வேறோர் ஆசிரியர் அதே பாட்டுக்கு வேறொரு பொருள் சொல்லக் கேட்டு, இருவரில் யார் சரி என்று ஒரு வாரம் அவன் தூக்கங்கெட வேண்டும். அஞ்சல் வழிக் கல்வியைப் பற்றியும் ஒரு சொல்: 1971 முதல் மதுரையிலும் பின்னர்ப் பிறவிடங்களிலும், வேலை பார்த்துக்கொண்டே அதன் வழியாகப் பட்டம் பெற்றோர் எத்தனையோ ஆயிரம் பேர். வீட்டைத் தாங்கும் பொறுப்புடையோருக்கு அது பெரிய வரம். சேரும் ஆண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இருபத்தொரு வயதில் வேறு பொறுப்பின்றி இருப்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவும் சொன்னபின், இவற்றுக்கெல்லாம் மாறான ஒரு செய்தியையும் சொல்லவேண்டியிருக்கிறது. ஈழத்தில் பேராதனையில் பயின்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தங்கள் முனைவர் பட்டத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களை வழிநடத்தியவர் ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் பேராசிரியர். தமிழ்ப் பாடம் கேட்க அங்கே வழியில்லை. ஒருவர் சங்க வீரநிலைப் பாடல்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு வைத்து நோக்கினார். அந்நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று. மற்றவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தை ஆராய்ந்தார். நான் சொன்ன இலக்கணப்படி அவர்கள் போயிருக்கவே கூடாது. ஆயினும் புறநானூற்றையும் சிலப்பதிகாரத்தையும் முன்பே கற்றுக் கையில் எடுத்துக்கொண்டு போனதனால், கிரேக்கம் கற்பிப்பவர் கேட்ட கேள்விகளுக்கு அவற்றிலிருந்து அவர்களால் விடை தேட முடிந்தது. முனைவர் பட்டத்துக்கு நீங்கள் எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். யாரிடம் வேண்டுமானாலும் செல்லலாம். அதற்கு வேண்டிய மூலநூல்களைப் படித்து முடிக்க உங்களுக்கு இருப்பது இந்த இரண்டு ஆண்டுகள்.

முடிக்குமுன் ஒன்று: மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுநுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள், நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத் தேதிக்கு வெகுமுன்னதாகவே முடிந்துவிடும். கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வினா எழுப்ப விரும்புவோர் எழுப்பலாம்; கம்பனைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.